அப்ளையே பண்ணாத கிரெடிட் கார்டு... சிபில் ரிப்போர்ட்டில் வந்தது எப்படி? நீக்குவது எப்படி?

ஒரு உதாரணத்தோடு தொடங்கலாம். ராமநாதபுரம் மாவட்டம், கடலாடி தாலுகா, மாரியூர். கடற்கரையோரம் பூவேந்தியநாதர் கோயிலும், கொஞ்சம் தள்ளி உப்பளங்களும் உள்ள ஊர். அப்பா உப்பளத் தொழிலாளி. மகன் சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறார். ஊரில் இருக்கும் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் கேட்டு, பக்கத்து சாயல்குடியில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்குப் போகிறார். சம்பளச் சான்று சரி, பத்திரம் சரி. மேலாளர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "என்ன தம்பி, மூணு மாசத்துல நாலு கிரெடிட் கார்டு என்கொயரி விழுந்திருக்கு. பணத்துக்கு ரொம்ப நெருக்கடியோ?"

"இல்ல சார், நான் எந்தக் கார்டுக்கும் அப்ளை பண்ணவே இல்லியே!"

இந்த இளைஞர் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால், அவர் மாட்டிக்கொண்ட சிக்கல் கற்பனை இல்லை. மாலில் பேனாவும் டிபன் பாக்ஸும் கொடுத்து பான் எண்ணை வாங்கிக்கொள்ளும் ஏஜென்ட், "எலிஜிபிலிட்டி செக் பண்ணுங்க" என்று அழைக்கும் செயலி, "ஒரே ஒரு ஓடிபி மட்டும் சொல்லுங்க சார்" என்று கெஞ்சும் டெலிகாலர் என்று வழிகள் பல. எல்லா வழியும் போய்ச் சேரும் இடம் கடன் அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் உள்ள ஒரு சின்ன அட்டவணை. அதில் தெரியாத பெயர் ஒன்று இருந்தால் என்ன செய்வது? அதை நீக்க முடியுமா? சட்டம் யார் பக்கம் நிற்கிறது?

என்கொயரி என்றால் என்ன?

ஒருவர் கடனோ கிரெடிட் கார்டோ கேட்டால், வங்கி முதலில் செய்யும் வேலை அவருடைய கடன் வரலாற்றைப் பார்ப்பது. இந்தியாவில் அந்த வரலாற்றை வைத்திருப்பவை நான்கு நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். இவற்றில் சிபில்தான் மூத்தது, 2000-ல் தொடங்கப்பட்டது. அதனால்தான் எந்த நிறுவனத்தின் ஸ்கோராக இருந்தாலும் "சிபில் ஸ்கோர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஸ்கோர் 300-லிருந்து 900 வரை இருக்கும்.

வங்கி ஒவ்வொரு முறை அந்த வரலாற்றைக் கேட்கும்போதும் ஒரு வரி பதிவாகிறது. யார் கேட்டார்கள், எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்காக, எவ்வளவு தொகைக்காக என்ற விவரம் அதில் இருக்கும். இதுதான் என்கொயரி. கடன் கிடைத்ததா, மறுக்கப்பட்டதா என்பது இந்த வரியில் இருக்காது. ஆகவே, அடுத்து பார்க்கும் வங்கி, "நாலு இடத்தில் கேட்டிருக்கிறார், யாரும் கொடுக்கவில்லை போல" என்று நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. குறுகிய காலத்தில் நிறைய என்கொயரி விழுந்தால் ஸ்கோரும் இறங்கும்.

சரி, நம்ம ஸ்கோரை நாமே பார்த்தா குறையுமா? குறையாது. சொந்தமாகப் பார்ப்பது வேறு கணக்கு. அது கடன் தரும் நிறுவனங்களின் கண்ணில் படாது, ஸ்கோரையும் பாதிக்காது. இந்தப் பயத்தினாலேயே பலர் தங்கள் அறிக்கையை வருடக்கணக்கில் திறந்து பார்ப்பதில்லை. தவறான பதிவு இருந்தாலும், வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும் நாளில்தான் தெரியவருகிறது.

ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு கவலை?

ஒரே ஒரு என்கொயரியால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. தவணைகளை ஒழுங்காகக் கட்டி வருபவருக்கு அந்தச் சிறு இறக்கம் சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனாலும் இரண்டு காரணங்களுக்காக இதை அலட்சியம் செய்யக் கூடாது.

முதலாவது, வட்டி. இப்போது பல வங்கிகள் ஸ்கோரைப் பார்த்தே வீட்டுக் கடன் வட்டியை நிர்ணயிக்கின்றன. மாரியூர் இளைஞருக்கு 8.5 சதவீதத்தில் கிடைக்க வேண்டிய கடன், ஸ்கோர் ஒரு படி இறங்கியதால் 9 சதவீதத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சம் ரூபாய், 20 வருடம். மாதத் தவணை 21,696 ரூபாயிலிருந்து 22,493 ரூபாயாகிறது. மாதம் 800 ரூபாய்க்குள்தானே என்று தோன்றும். 240 மாதத்துக்குக் கூட்டினால் சுமார் 1.91 லட்சம் ரூபாய்!

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். தெரியாத என்கொயரி என்பது பல நேரங்களில் அடுத்து வரப்போகும் மோசடிக்கான முதல் அறிகுறி. யாரோ ஒருவர் நம் பான் எண்ணை வைத்துக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று அர்த்தம். இன்று என்கொயரி, நாளை நம் பெயரில் கடன், மூன்று மாதம் கழித்து வசூல் ஏஜென்டின் போன்.

2022-ல் இது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் இந்தியாபுல்ஸ் குழுமத்தின் தனி செயலி வழியாகத் தங்கள் பான் எண்ணில் வாங்காத கடன் பதிவாகியிருப்பதாகப் பலர் சமூக வலைதளத்தில் புகார் சொன்னார்கள். நடிகை சன்னி லியோனி அவர்களில் ஒருவர். அவர் பெயரில் பதிவானது 2,000 ரூபாய்க் கடன். ஏப்ரலில் நடிகர் ராஜ்குமார் ராவ், தன் பான் எண்ணைப் பயன்படுத்தி யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கியதால் தன் சிபில் ஸ்கோர் பாதிக்கப்பட்டதாக வெளிப்படையாகப் பதிவிட்டார். தொகையைக் கவனியுங்கள், 2,000, 2,500. இவ்வளவு சின்னத் தொகைக்கு யாரும் அறிக்கையைத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்பதுதான் மோசடிக்காரர்களின் கணக்கு. நட்சத்திரங்கள் பதிவு போட்டால் நிறுவனங்கள் ஓடி வரும். உப்பளத் தொழிலாளியின் மகன் பதிவு போட்டால்? அவருக்கு இருப்பது சட்டமும் விதிகளும்தான். அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

வேலைக்கும் வினையாகலாம்

கடன் அறிக்கை இப்போது கடனோடு நிற்பதில்லை. எஸ்பிஐ-யில் சர்க்கிள் பேஸ்டு ஆபீசர் பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, அவருடைய கடன் வரலாறு சரியில்லை என்று சொல்லி வங்கி ரத்து செய்தது. எல்லாக் கடனையும் அடைத்துவிட்டதாக அவர் வாதிட்டார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவு சரியென்றே தீர்ப்பளித்தது. அந்த வழக்கு தவணை தவறியது பற்றியது, என்கொயரி பற்றியது அல்ல. ஆனாலும் வங்கி வேலைக்குத் தயாராகும் இளைஞர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் என்றாவது ஒருநாள் படிப்பார். அதில் பொய்யான வரி இருக்க விடக் கூடாது.

புகாருக்கு முன் ஒரு சுய பரிசோதனை

தெரியாத பெயரைப் பார்த்ததும் "மோசடி" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சில நேரம் பெயர்தான் புதிதாக இருக்கும், விண்ணப்பம் நம்முடையதாகவே இருக்கும்.

ஷாப்பிங் செயலியின் பெயரில் வரும் கோ-பிராண்டட் கார்டை உண்மையில் வழங்குவது ஏதோ ஒரு வங்கி. அறிக்கையில் வங்கியின் பெயர்தான் வரும். "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு" வகைச் செயலிகளுக்குப் பின்னாலும் ஒரு நிதி நிறுவனம் இருக்கும். செயலியின் பெயர் அறிக்கையில் இருக்காது. கடன் ஒப்பீட்டுத் தளங்களில் ஒரே ஒரு விண்ணப்பம் போட்டிருப்போம். அது மூன்று நான்கு வங்கிகளுக்குப் போய், ஒரே நாளில் அத்தனை என்கொயரிகள் விழுந்திருக்கும். போன், டூவீலர் என்று இஎம்ஐ-யில் வாங்கியபோது கடைக்காரர் இரண்டு நிறுவனங்களில் முயன்று பார்த்திருக்கலாம்.

ஆகவே, என்கொயரி விழுந்த தேதியை எடுத்துக்கொண்டு, அன்றைக்கும் அதற்கு இரண்டு நாள் முன்பின்னும் வந்த எஸ்எம்எஸ், மின்னஞ்சல்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஓடிபி வந்ததா? "உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது" என்று செய்தி வந்ததா? நாமே விண்ணப்பித்து, கார்டு மறுக்கப்பட்டிருந்தாலும் அந்த என்கொயரி சரியானதுதான். அதை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தால் நிற்காது. "காசு கொடுத்தா எல்லா என்கொயரியையும் அழிச்சுத் தர்றோம்" என்று சொல்லும் ஏஜென்சிகளையும் நம்ப வேண்டாம். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவை நீக்கக் கட்டணமே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தத் துறைக்கான அடிப்படைச் சட்டம் 2005-ல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். உரிய அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய கடன் தகவலைப் பெறுவது இந்தச் சட்டப்படி குற்றம். ஒவ்வொரு குற்றத்துக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தவறான தகவலைத் திருத்தக் கோரும் உரிமையையும் இதே சட்டம் தருகிறது. அதற்கான கெடு 30 நாள்.

கிரெடிட் கார்டு நிறுவனங்களுக்கென ரிசர்வ் வங்கி 2022-ல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. கேட்காமல் கார்டு கொடுக்கக் கூடாது. வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கொடுத்த கார்டை ஆக்டிவேட் செய்து பில்லும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப் போல இரண்டு மடங்கை அபராதமாகவும் தர வேண்டும். ஆக்டிவேட் ஆகாத கார்டைப் பற்றிய விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பவே கூடாது. கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். பாக்கி எதுவும் இல்லாதபோது தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தர வேண்டும்.

2023 அக்டோபர் 26 அன்று ரிசர்வ் வங்கி இன்னும் இரண்டு உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஒன்று, யாராவது நம் கடன் அறிக்கையைப் பார்த்தால் நமக்கு எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் தகவல் வர வேண்டும். மற்றொன்று, திருத்தக் கோரிக்கை 30 நாளில் முடியாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இழப்பீட்டு உத்தரவு 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 1-ல் கொடுத்த புகார் ஜூலை 21-ல்தான் தீர்ந்தது என்றால், 30 நாள் போக மீதி 20 நாளுக்கு 2,000 ரூபாய். புகார் தீர்ந்த 5 வேலை நாளுக்குள் அது வங்கிக் கணக்கில் வர வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "என் ஸ்கோர் ஏன் குறைந்தது?" என்று ஸ்கோர் கணக்கிடும் முறையைக் கேள்வி கேட்டால் இந்த இழப்பீடு பொருந்தாது. "இந்தத் தேதியில் உள்ள இந்த என்கொயரி என்னுடையதல்ல, தகவல் தவறு" என்று எழுத வேண்டும். புகாரின் வாசகம் இதனால்தான் முக்கியம்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

1. நான்கு அறிக்கையையும் எடுக்கவும். 2017 ஜனவரி முதல், ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனங்கள் என்பதால் ஆண்டுக்கு நான்கு. ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் இல்லாத என்கொயரி இன்னொன்றில் இருக்கலாம். கார்டு நிறுவனம் எங்கே கேட்டதோ அங்கேதான் பதிவாகும். அறிக்கையை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுப்பது நல்லது. என்கொயரி மட்டுமின்றி முகவரி, மொபைல் எண் பகுதியையும் பார்க்க வேண்டும். நமக்குச் சம்பந்தமில்லாத ஊரின் முகவரி அங்கே இருந்தால், யாரோ நம் பெயரில் விண்ணப்பித்ததற்கு அது வலுவான தடயம்.

2. கார்டு நிறுவனத்துக்கு எழுதவும். போனில் பேசினால் மட்டும் போதாது. மின்னஞ்சலிலோ அவர்களின் புகார்ப் பக்கத்திலோ எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்க வேண்டும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"எனது கடன் அறிக்கையில் (அறிக்கை எண், தேதி) உங்கள் நிறுவனத்தின் பெயரில் இந்தத் தேதியில் கிரெடிட் கார்டுக்கான என்கொயரி ஒன்று பதிவாகியுள்ளது. நான் எந்தக் கார்டுக்கும் விண்ணப்பிக்கவில்லை. என் அறிக்கையைப் பார்க்கச் சம்மதமும் தரவில்லை. விண்ணப்பம் இருப்பதாக நீங்கள் கருதினால் அதன் நகல், சம்மதம் பெற்ற நாள், நேரம், முறை, ஓடிபி அனுப்பப்பட்ட மொபைல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், ஏஜென்டின் விவரம் ஆகியவற்றைத் தரவும். இல்லையெனில் இந்த என்கொயரியைத் திரும்பப் பெற்று, கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவித்து, எனக்கு எழுத்தில் உறுதி செய்யவும். என் பெயரில் கார்டு எதுவும் வழங்கப்பட்டிருந்தால் உடனே முடக்கவும்."

இதில் உயிர்நாடி, சம்மதத்துக்கான ஆதாரத்தைக் கேட்பதுதான். "சிஸ்டத்துல இருக்கு சார்" என்ற பதில் ஆதாரமாகாது. விற்பனை வேலையைச் செய்தது வெளி ஏஜென்ட் என்றாலும் பொறுப்பு கார்டு நிறுவனத்துக்குத்தான். முழு பான் எண், ஆதார் நகல் ஆகியவற்றைச் சமூக வலைதளத்தில் போட்டுப் புகார் செய்ய வேண்டாம். நிறுவனத்தின் பெயரில் போலிக் கணக்கு வைத்துக் காத்திருப்பவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும்.

3. அதே நாளில் கடன் தகவல் நிறுவனத்திலும் புகார் பதிவு செய்யவும். நான்கு நிறுவனங்களின் தளத்திலும் இதற்கென ஆன்லைன் படிவம் உண்டு, கட்டணம் இல்லை. அதில் என்கொயரி பகுதியைத் தேர்ந்தெடுத்து, "இது என்னுடையதல்ல" என்று குறிப்பிட வேண்டும். சிபில் போன்ற நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. கார்டு நிறுவனத்திடம் கேட்டு, அது ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் புகார் கொடுக்கச் சொல்வது அதனால்தான். கார்டு நிறுவனத்துக்கு 21 நாள், மிச்ச நாட்கள் கடன் தகவல் நிறுவனத்துக்கு என்று 30 நாளை ரிசர்வ் வங்கி பிரித்துக் கொடுத்திருக்கிறது. யாரால் தாமதமோ அவர் இழப்பீடு தர வேண்டும். கோரிக்கையை நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும்.

4. 30 நாளில் தீரவில்லையா? ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன். 2021-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஓம்பட்ஸ்மேன் திட்டத்தில், 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அடக்கம். ஆகவே, கார்டு நிறுவனம், சிபில் இரண்டின் மீதும் புகார் கொடுக்கலாம். ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மைத் தளமான சிஎம்எஸ்-ஸில் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாள் காத்திருந்ததற்கான ஆதாரம் இல்லையென்றால் ஓம்பட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். இங்கேயும் காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

5. நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கார்டு நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், மாரியூர்க்காரர் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆனால், வழக்கு நிலுவையில் இருக்கும் விஷயத்தை ஓம்பட்ஸ்மேன் விசாரிக்க மாட்டார். எனவே ஓம்பட்ஸ்மேன் முதலில், ஆணையம் அடுத்து என்ற வரிசை நல்லது.

6. என்கொயரியோடு கடனும் இருந்தால்? அது வேறு கட்டம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்ய வேண்டும். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீதை வாங்கி, கார்டு நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். "சின்னத் தொகைதானே, கட்டித் தொலைச்சிடலாம்" என்று நினைத்துக் கட்டிவிடக் கூடாது. கட்டினால் அந்தக் கடன் நம்முடையதுதான் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

விதி இருக்கிறது, பாரம் யார் தலையில்?

இவ்வளவும் படித்த பிறகு நியாயமாகவே ஒரு கேள்வி எழும். தப்பு செய்தது நிறுவனம்; அலைய வேண்டியது மட்டும் வாடிக்கையாளரா?

இப்போதைய நடைமுறை அப்படித்தான் இருக்கிறது. கார்டு நிறுவனம் ஒருவருடைய அறிக்கையைக் கேட்கும் அந்த நொடியில், சம்மத ஆதாரத்தைக் கடன் தகவல் நிறுவனத்திடம் காட்ட வேண்டியதில்லை. அறிக்கை போய்விடுகிறது, வரி விழுந்துவிடுகிறது. பிறகு "நான் கேட்கவில்லை" என்று வாடிக்கையாளர்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பது? டிஜிட்டல் கடன்களுக்கான விதிகளில், வாடிக்கையாளரின் தரவைத் திரட்ட முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் சரிபார்க்கக்கூடிய பதிவாகவும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அதே நிபந்தனையை ஒவ்வொரு என்கொயரிக்கும் விரிவுபடுத்தலாம். சம்மதப் பதிவு இல்லாத என்கொயரி, புகார் வந்த 7 நாளில் தானாக நீங்க வேண்டும் என்று ஆக்கலாம். ஆதாரம் காட்டும் பொறுப்பு நிறுவனத்துக்குப் போனால், ஏஜென்டுகளின் இலக்கு வெறியும் கொஞ்சம் தணியும்.

இழப்பீட்டுத் தொகையும் யோசிக்க வைக்கிறது. நாளொன்றுக்கு 100 ரூபாய் என்பது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். கார்டை மூடத் தாமதித்தால் 500 ரூபாய், ஒருவருடைய கடன் வரலாற்றில் தவறான பதிவை வைத்திருந்தால் 100 ரூபாய் என்பது பொருந்தாத கணக்கு. அதுவும் முதல் 30 நாளுக்கு எதுவும் கிடையாது. வீட்டுக் கடன் கைநழுவுவதற்கு 30 நாள் போதும். கண்காணிப்பு இல்லாமல் இல்லை. 2005 சட்டத்தின் விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2023 ஜூனில் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி அபராதம் போட்டது. சிபிலுக்கு 26 லட்சம், கிரிஃப் ஹைமார்க்குக்கு 25.75 லட்சம், எக்ஸ்பீரியனுக்கு 24.75 லட்சம், ஈக்விஃபேக்ஸுக்கு 24.25 லட்சம் ரூபாய். நான்கையும் கூட்டினால் ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும். கோடிக்கணக்கானோரின் தரவைக் கையாளும் நிறுவனங்களுக்கு இது பெரிய வலியா என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

அமெரிக்காவில் 1970-லேயே இதற்கென சட்டம் வந்துவிட்டது. அங்கே என்கொயரி இரண்டு ஆண்டுகளில் அறிக்கையிலிருந்து விழுந்துவிடும். வீட்டுக் கடனுக்காகச் சில வாரங்களுக்குள் பல வங்கிகளில் விசாரித்தால், முன்னணி ஸ்கோர் முறைகள் அதை ஒரே என்கொயரியாக எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியம், தன் கடன் அறிக்கையைத் தானே பூட்டி வைக்கும் உரிமை. 2018 முதல் அது நாடு முழுவதும் இலவசம். பூட்டியிருக்கும்வரை, புதிதாகக் கடன் கொடுக்க வரும் எந்த நிறுவனமும் அந்த அறிக்கையைப் பார்க்க முடியாது. கடன் தேவைப்படும்போது அவரே திறந்துவிடுவார். மாரியூர்க் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில்கூட, இந்தியாவுக்குப் பத்து ஆண்டு முன்பே, 1990-ல் கடன் தகவல் பணியகம் சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. தாமதமாகத் தொடங்கிய நாடு மற்றவர்களின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தடையில்லை. பூட்டும் உரிமையை இந்தியாவிலும் சட்டப்படியான, இலவச உரிமையாக்க வேண்டும். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்ட ஒரு பட்டன் கொடுக்க முடிந்த நாட்டில் இது முடியாத காரியமில்லை.

மொழியும் ஒரு தடைதான். சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஆங்கில அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்வார். மகளிர் குழுவில் கடன் வாங்கி வாரத் தவணை கட்டும் அவருடைய அம்மாவுக்கும் இப்படி ஒரு அறிக்கை இருக்கிறது. அதை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அறிக்கையும் புகார்ப் படிவமும் எஸ்எம்எஸ் எச்சரிக்கையும் தமிழில் வந்தால்தான் உரிமை என்று சொல்வதற்கு அர்த்தம் இருக்கும். அதுவரை வீட்டில் உள்ள இளைஞர்கள் அம்மா, அப்பாவின் அறிக்கையையும் வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை

பான் எண்ணை மொபைல் எண்ணைப் போல எல்லோரிடமும் கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், நகலின் மேல் எதற்காக, யாருக்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். ஓடிபி கேட்டால் கொடுக்கும் முன், அந்த எஸ்எம்எஸ்-ஸை முழுசாகப் படிக்க வேண்டும். எதற்கான ஓடிபி என்று அதிலேயே எழுதியிருக்கும். வங்கியிலும் கடன் தகவல் நிறுவனங்களிலும் பழைய மொபைல் எண் இருந்தால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எச்சரிக்கைச் செய்தி வேறு யாருக்கோ போகும். நான்கு இலவச அறிக்கையையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால், ஆண்டு முழுக்க ஒரு கண் வைத்திருக்கலாம். புகார் கொடுக்கும் நிலை வந்தால் மட்டும் நான்கையும் சேர்த்து எடுக்கலாம்.

மாரியூர் இளைஞர் விஷயத்துக்கு வருவோம். அவர் மேலாளரிடம் சண்டை போட வேண்டியதில்லை. புகார் எண்களையும், கார்டு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் கடன் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுக்கலாம். "இந்த நாலு என்கொயரி பற்றிப் புகார் நிலுவையில் இருக்கு சார்" என்று சொல்லலாம். என்கொயரிக்குக் காரணம் தெரிந்தால் அதைப் பொருட்படுத்தாமல் கடன் வழங்க மேலாளருக்கு இடம் உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு ஸ்கோர் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த வரம்பும் விதிக்கவில்லை. அது ஒவ்வொரு வங்கியின் சொந்த முடிவு.

வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் அடுத்த ஆறு மாதத்தில் இருக்கிறதா? அப்படியென்றால் வங்கிக்குப் போகும் முன் முதல் அறிக்கையை இந்த வாரமே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. தவறு இருந்தால் அதைச் சரிசெய்ய 30 நாள் தேவைப்படும், சில நேரம் அதற்கு மேலும்.